சிதறிய காராமணியும் பட்டத்தரசியும்: அரசர், அரசவை ஓவியர் பற்றிய குறுக்கெழுத்துக் குறிப்புகளை அவிழ்ப்பது எப்படி?

"சிதறிய காராமணியை அடுக்கினால் பட்டத்தரசி (4)"

குறுக்கெழுத்தில் இப்படி ஒரு குறிப்பைப் பார்த்ததும் பலர் அடுத்த குறிப்புக்குத் தாவிவிடுகிறார்கள். ராஜா ராணி விஷயமெல்லாம் சரித்திரம் படித்தவர்களுக்குத்தான் வரும் என்று ஒரு நினைப்பு. ஓவியர் பெயர் கேட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். "எனக்கும் ஓவியத்துக்கும் ரொம்ப தூரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

மேலே இருக்கும் குறிப்பு எந்த நாட்டு அரசி, எந்த நூற்றாண்டு என்றெல்லாம் கேட்கவே இல்லை. காராமணி என்ற சொல்லில் இருப்பவை கா, ரா, ம, ணி என்ற நான்கு எழுத்துகள். அவற்றைக் கலைத்து வேறு வரிசையில் அடுக்கினால் மகாராணி. விடை குறிப்புக்குள்ளேயே இருந்தது.

அரச வரலாறு, அரசவை ஓவியர் பற்றி வரும் குறிப்புகளில் பெரும்பகுதி இப்படித்தான். அவற்றுக்குத் தேவைப்படும் சரித்திர அறிவு நாம் பயப்படும் அளவுக்குப் பெரியதில்லை. குறிப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு ஒரு சிறிய பெயர்ப் பட்டியல் போதும். இரண்டையும் இங்கே பார்ப்போம். உதாரணக் குறிப்புகள் எல்லாம் இந்தக் கட்டுரைக்காகவே அமைத்தவை.

முதலில் எழுத்துக் கணக்கு

குறிப்பின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் வரும் எண், விடையில் எத்தனை கட்டங்கள் என்பதைச் சொல்கிறது. தமிழில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். உயிர், மெய், உயிர்மெய் எதுவானாலும் அதே கணக்கு. 'கோ' ஒரு கட்டம். புள்ளி வைத்த 'ன்' தனியாக இன்னொரு கட்டம். ஆகவே கரிகாலன் என்றால் க, ரி, கா, ல, ன் என ஐந்து. கோயா என்ற ஓவியருக்கு இரண்டே கட்டம்.

புதிதாக வருபவர்கள் புள்ளி எழுத்தைத்தான் அடிக்கடி எண்ண மறந்துவிடுவார்கள். வெலாஸ்கெஸ் என்ற பெயரை வாயால் சொல்லிப் பார்த்தால் மூன்று எழுத்து போலத் தோன்றும். எழுதிப் பாருங்கள்: வெ, லா, ஸ், கெ, ஸ். ஐந்து.

வெளிநாட்டுப் பெயர்களில் இன்னொரு சங்கடம் உண்டு. ஜஹாங்கீரை ஜகாங்கீர் என்றும் எழுதுகிறோம். இரண்டுக்கும் ஐந்து கட்டம்தான், ஆனால் இரண்டாவது எழுத்து வேறு. புதிரை அமைத்தவர் எந்த எழுத்துமுறையை வைத்திருக்கிறார் என்பதைக் குறுக்கே வரும் சொல்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் இப்படிப்பட்ட பெயர்களை முதலில் பென்சிலால் எழுதுவது நல்லது.

நேர்க்குறிப்பு: தகவல் மட்டும் கேட்பது

குறிப்புகளில் இரண்டு இனம் உண்டு. முதல் இனம் நேர்க்குறிப்பு. ஒரு தகவலைச் சொல்லி, அதற்குரிய பெயரைக் கேட்கும். நம் வார, மாத இதழ்களில் வரும் குறுக்கெழுத்துகளில் இவைதான் அதிகம். "கங்கைகொண்ட சோழபுரத்தை அமைத்தவர்" என்று கேட்டால் ராஜேந்திரன். இதில் மர்மம் ஏதும் இல்லை.

ஆனால் நேர்க்குறிப்பிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு தகவலுக்குப் பல பெயர்கள் பொருந்தலாம். உதாரணமாக:

"எட்டாம் ஹென்றியின் மனைவி (2)"

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு ஆறு மனைவிகள். அதில் மூன்று பேர் கேத்தரின், இரண்டு பேர் ஆன், ஒருவர் ஜேன். கேத்தரினுக்கு ஐந்து கட்டம் வேண்டும், அதனால் எண்ணைப் பார்த்ததுமே அந்த மூவரும் போய்விட்டார்கள். மிஞ்சுவது ஆன், ஜேன். இரண்டுக்கும் இரண்டு கட்டம். இரண்டும் 'ன்' என்றே முடிகின்றன. குறுக்கே வரும் சொல் இரண்டாவது கட்டத்தில் வெட்டினால் நமக்கு ஒரு பயனும் இல்லை. முதல் கட்டத்தில் வெட்டினால் ஒரே நொடியில் முடிவு தெரிந்துவிடும்.

இப்படி ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் இரண்டு சொற்களுக்கும் பொதுவாக நிற்கும் எழுத்தைச் சந்திப்பெழுத்து என்று வைத்துக்கொள்வோம். பெயர் நினைவுக்கு வராதபோது நம்மைக் காப்பாற்றுவது இதுதான். ஐந்து கட்ட ஓவியர் பெயரில் மூன்றாவது எழுத்தும் ஐந்தாவது எழுத்தும் 'ஸ்' என்று தெரிந்துவிட்டால், வெலாஸ்கெஸ் என்ற பெயரை எங்கோ ஒரு தடவை கேட்டிருந்தாலே போதும், மேலே வந்துவிடும்.

சுருக்கமாக: நேர்க்குறிப்பு தகவலைக் கேட்கிறது. எண் பாதிப் பெயர்களைக் கழிக்கிறது. சந்திப்பெழுத்து மீதியைக் கழிக்கிறது. அதனால் ராஜா ராணி குறிப்பை வெறும் கட்டத்தோடு முதலிலேயே முட்டிப்பார்க்க வேண்டாம். சுற்றியுள்ள சுலபமான சொற்களை நிரப்பிவிட்டு வாருங்கள்.

மறைகுறிப்பு: ஒரே விடை, இரண்டு தடவை

இரண்டாவது இனம் மறைகுறிப்பு. காராமணி இந்த இனம். இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். புதிரை அமைத்தவர் சுற்றி வளைத்துக் குழப்புகிறார், விடைக்கும் குறிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்பார்கள். உண்மையில் நேர்க்குறிப்பைவிட இதில்தான் உதவி அதிகம்.

ஒருவர் வீட்டுக்கு வழி கேட்கிறீர்கள். "தபால்காரர் முருகேசன் வீடு" என்று ஆள் அடையாளம் சொல்லிவிட்டு, "பிள்ளையார் கோவில் தாண்டி இடதுபக்கம் மூன்றாவது வாசல்" என்று வழியும் சொல்கிறார்கள். முருகேசனை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் வழியைப் பிடித்துப் போய்ச் சேரலாம். வழி பாதியில் தப்பினாலும் ஆளைச் சொல்லி விசாரிக்கலாம். இரண்டும் ஒரே வாசலில் போய் நின்றால், வந்த இடம் சரி என்று நிச்சயமாகிவிடும்.

மறைகுறிப்பும் அப்படித்தான். அதில் இரண்டு பகுதிகள். ஒன்று, விடையின் பொருளைச் சொல்வது. அதைப் பொருட்பகுதி என்போம். மற்றது, விடையின் எழுத்துகளை எப்படிச் சேர்ப்பது என்று சொல்வது. அது கட்டுமானப் பகுதி. காராமணிக் குறிப்பில் 'பட்டத்தரசி' பொருட்பகுதி. 'சிதறிய காராமணியை அடுக்கினால்' கட்டுமானம்.

பொருட்பகுதி எப்போதும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் நிற்கும், நடுவில் வராது. தமிழ் வாக்கிய அமைப்புக்கு முடிவில் வருவதே வசதி என்பதால் பெரும்பாலும் கடைசிப் பக்கம் தேடினால் கிடைத்துவிடும்.

இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாகப் படிக்கும்போது மனதில் ஒரு காட்சி வருகிறதே, பெண் ஒருத்தி தரையில் சிதறிய காராமணியைப் பொறுக்குவது போல, அதுதான் பொறி. அந்தக் காட்சியை ரசிக்கலாம், நம்பக் கூடாது. வாக்கியத்தை எங்கே இரண்டாக உடைப்பது என்று மட்டும் பாருங்கள்.

சைகைச் சொல்லைக் கண்டுபிடிப்பது

கட்டுமானப் பகுதியில் ஒரு சொல் நமக்கு வேலை சொல்லும். கலை, திருப்பு, உள்ளே தேடு, பக்கத்தில் ஒட்டு என்று ஏதாவது ஒன்று. அதைச் சைகைச் சொல் என்போம். சிதறிய, குழம்பிய, உடைந்த, கலவரமான போன்றவை எழுத்துகளை இடம் மாற்றச் சொல்பவை. நம் இதழ்ப் புதிர்களில் "அரசி குழம்பியிருக்கிறாள்" என்று வருவதும் இதே சைகைதான்.

அடுத்தது திருப்புதல்:

"கண்ணனின் காதலி திரும்பினால் அரியணை ஏறாத முகலாய இளவரசர் (2)"

கண்ணனின் காதலி ராதா. பின்னாலிருந்து படித்தால் தாரா. ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோ, தம்பி ஔரங்கசீப்பிடம் தோற்று 1659-இல் கொல்லப்பட்டவர். அவர் தன் மனைவி நாதிரா பானுவுக்குப் பரிசளித்த ஓவியத் தொகுப்பு இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இந்த விவரமெல்லாம் தெரியாமலே நீங்கள் விடையை எழுதியிருப்பீர்கள். ராதாவைத் தெரிந்தால் போதும். முகலாய வரலாறு விடையைச் சரிபார்க்க மட்டுமே தேவைப்பட்டது.

ஒளித்து வைப்பது இன்னும் சுலபம். "பிராணிகளுக்குள் ஒளிந்திருக்கும் அரசி (2)" என்றால் 'பிராணிகள்' என்ற சொல்லுக்குள்ளேயே ராணி உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே, நடுவே, வயிற்றில், கொஞ்சம் போன்ற சொற்களைக் கண்டால் குறிப்பிலேயே விடை எழுத்து மாறாமல் கிடக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

துண்டுகளை வரிசையாக ஒட்டுவதும் உண்டு. "யானைக்குப் பின் எமன், கல்லணையோடு பெயர் சேர்ந்த சோழன் (5)". யானை என்றால் கரி, எமன் என்றால் காலன். கரிகாலன். இதற்கு வரலாற்றைவிட நிகண்டு அறிவுதான் கைகொடுக்கிறது. யானைக்குக் கரி, வேழம், களிறு; அரசனுக்குக் கோ, மன், வேந்து, கொற்றவன். இந்த மாதிரிச் சொற்கள் அமைப்பவர்களுக்குச் செங்கல் மாதிரிப் பயன்படுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த வகை, சைகைச் சொல்லே இல்லாத இரட்டைப் பொருள் குறிப்பு. இரண்டு பக்கமும் பொருட்பகுதி, விடை ஒரே சொல்.

"சோழன் தலை (3)"

போர்க்களக் காட்சி கண்முன் வரும். ஆனால் சென்னி என்றால் தலை. சென்னி என்பது சோழர்களின் பட்டப்பெயரும்கூட, கரிகாலனின் தந்தை இளஞ்சேட்சென்னி. இரண்டே சொற்களில் இவ்வளவு சுத்தமாக அமையும்போது ஒரு குறள் படித்த நிறைவு கிடைக்கிறது.

இந்த இடத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நம் சொற்கள் வாக்கியத்தில் வரும்போது ஐ, கு, இன் என்று வேற்றுமை உருபுகளை மாட்டிக்கொள்கின்றன. சோகம் 'சோகத்தை' ஆகிவிடுகிறது, காராமணி 'காராமணியை' ஆகிவிடுகிறது. எழுத்துகளை எண்ணுவதற்கு முன் அந்த உருபைக் கழற்றி, சொல்லின் இயல்பான வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலர் விடைக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிவிடுவது இதைச் செய்யாததால்தான்.

அரசவை ஓவியர் என்றால் யார்?

சரி, கட்டுமானம் புரிந்தது. இனி பெயர்கள். இதில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் இந்தச் சொல்லைத்தான் எல்லோரும் தாராளமாகப் புழங்குகிறோம். மன்னரை வரைந்தவர் எல்லாம் அரசவை ஓவியர் ஆகிவிட மாட்டார். அரசரால் நியமிக்கப்பட்டு, சம்பளமோ மானியமோ பதவியோ பெற்று, அரண்மனைக்காக வேலை செய்தவர்தான் அரசவை ஓவியர். ரவிவர்மா பரோடா, மைசூர் அரண்மனைகளுக்கெல்லாம் வரைந்தார், ஆனால் பல இடங்களிலிருந்து வேலை வாங்கிச் சுதந்திரமாக இயங்கியவர். கவனமாக அமைக்கும் ஒருவர் அவரை 'அரண்மனைகளுக்கு வரைந்தவர்' என்றுதான் குறிப்பார்.

புகைப்படம் இல்லாத காலத்தில் இந்த வேலையின் கனம் எவ்வளவு என்பதற்கு ஹான்ஸ் ஹோல்பைன் நல்ல சாட்சி. எட்டாம் ஹென்றிக்குப் பெண் பார்க்க வேண்டியிருந்தது. 1539-இல் ஹோல்பைனை அனுப்பி, கிளீவ்ஸ் நாட்டு ஆன் என்ற பெண்ணை வரைந்துவரச் சொன்னார்கள். 1540 ஜனவரியில் கல்யாணம். நேரில் பார்த்த மன்னருக்குப் பிடிக்கவில்லை. ஜூலையில் அந்தத் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஓவியம் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "பெண் பார்க்கும் படம் வரைந்த ஹென்றியின் ஓவியர் (4)" என்று வந்தால் இனி உங்களுக்குத் தயக்கம் இருக்காது.

இங்கிலாந்தில் அடுத்து நினைவில் வைக்க வேண்டியவர் வான் டைக். ஆண்ட்வெர்ப்பிலிருந்து 1632-இல் லண்டன் வந்தார். முதலாம் சார்லஸ் அவருக்கு 'சர்' பட்டம் தந்து தலைமை ஓவியராக வைத்துக்கொண்டார். சார்லஸின் முகத்தை மூன்று கோணங்களில் ஒரே சட்டத்துக்குள் வரைந்த படம் அவருடையது. ரோமில் இருந்த சிற்பி பெர்னினி மன்னரைப் பார்க்காமலே மார்பளவுச் சிலை செதுக்குவதற்காக அனுப்பிய படம் அது. சிலை 1698-இல் வைட்ஹால் அரண்மனை தீப்பிடித்தபோது அழிந்தது, படம் பிழைத்தது. சார்லஸ் 1649-இலேயே தலை வெட்டப்பட்டு இறந்துவிட்டார். 'மும்முகம்', 'மூன்று சார்லஸ்' என்று குறிப்பில் எதைக் கண்டாலும் வான் டைக்கை யோசிக்கலாம்.

ஸ்பெயினுக்கு இரண்டு பெயர். நான்காம் பிலிப் 1623-இல் அமர்த்திக்கொண்ட வெலாஸ்கெஸ் முதலாமவர். 1656-இல் அவர் வரைந்த பெரிய ஓவியத்தில் இளவரசி, தோழியர், நாய், தூரிகையோடு ஓவியர் எல்லோரும் இருக்கிறார்கள். மன்னரும் அரசியும் பின்சுவரில் உள்ள கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறார்கள். அவர்கள் நிற்கும் இடம் படத்துக்கு வெளியே, கிட்டத்தட்ட நாம் நிற்கும் இடம்! நூற்றைம்பது ஆண்டு கழித்து, நான்காம் சார்லஸின் முதன்மை அரசவை ஓவியர் கோயா அந்தக் குடும்பத்தை வரைந்தபோது, வெலாஸ்கெஸைப் போலவே தன்னையும் படத்தின் இடதுபக்க நிழலில் நிறுத்திக்கொண்டார். இரண்டு படங்களும் மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளன.

தமிழ்ப் புதிர் அமைப்பவருக்குக் கோயா ஒரு வரப்பிரசாதம்:

"மன்னருக்குப் பின்னால் யானையின் தலை: ஸ்பெயின் அரசவை ஓவியர் (2)"

மன்னர் என்றால் கோ. யானை என்ற சொல்லின் தலை, அதாவது முதல் எழுத்து, யா. ஸ்பெயினையே தெரியாதவரும் கோயாவை எழுதிவிடுவார். எழுதிய பிறகு அவர் யார் என்று தேடிப் பார்ப்பார். இந்தத் தேடல்தான் எனக்கு இந்த விளையாட்டில் பிடித்த பகுதி.

இனி நம் பக்கம். முகலாய அரசவையில் ஓவியக்கூடமே தனியாக நடந்தது. அக்பர் காலத்தில் அது பெரிய தொழிற்கூடம், ஒரு படத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேலை செய்வார்கள். பசாவன், தஸ்வந்த் போன்ற பெயர்கள் அங்கிருந்து வருகின்றன. தஸ்வந்த் ஒரு பல்லக்குத் தூக்கியின் மகன். ஜஹாங்கீர் காலத்தில் தனி ஓவியர்களின் புகழ் உயர்ந்தது. பிஷன்தாஸை அவர் தூதுக்குழுவோடு பாரசீகத்துக்கே அனுப்பி, ஷா அப்பாஸை நேரில் பார்த்து வரையச் சொன்னார். விலங்குகளையும் பறவைகளையும் பூக்களையும் வரைவதில் மன்சூரை மிஞ்ச ஆளில்லை.

"பாதி மன்னன், பின்பு அச்சம்: ஜஹாங்கீருக்கு வரிக்குதிரை வரைந்தவர் (4)"

மன்னன் நான்கு எழுத்து, பாதி மன். அச்சத்துக்குச் சங்கத் தமிழில் சூர். மன்சூர். 1621-இல் அரசவைக்கு வந்த அந்த வரிக்குதிரையைப் பார்த்து, யாரோ கோடு தீட்டிவிட்டார்கள் என்றே சிலர் சந்தேகப்பட்டதாக ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மன்சூரின் படம் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிச்சித்ர் என்று இன்னொருவர். அவர் வரைந்த ஓர் ஓவியத்தில் ஜஹாங்கீர் மணற்கடிகாரத்தின்மேல் அமர்ந்து, ஒரு சூஃபிப் பெரியவருக்கு நூல் ஒன்றைக் கொடுக்கிறார். பெரியவருக்குக் கீழே துருக்கி சுல்தானின் சாயலில் ஒருவர். அவருக்கும் கீழே இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ். கடைசி மூலையில் பிச்சித்ர் தானே கையில் ஒரு படத்தோடு நிற்கிறார். ஓர் அரசவை எதை உயர்வாக நினைத்தது என்பது முழுவதும் அந்த வரிசையிலேயே இருக்கிறது.

சுருக்கமாக: ஹோல்பைன், வான் டைக், வெலாஸ்கெஸ், கோயா, மன்சூர், பிஷன்தாஸ், பிச்சித்ர். ஒவ்வொருவருக்கும் ஒரு மன்னர், ஒரு படம் என்று மனதில் சேர்த்து வைத்துக்கொண்டால் ஓவியர் குறிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே தாங்கும்.

பட்டப்பெயர்கள் என்ற குறுக்குவழி

தமிழ் மன்னர்கள் விஷயத்தில் ஆண்டுகளை மனப்பாடம் செய்வதைவிடப் பட்டப்பெயர்களைத் தெரிந்துகொள்வது பலமடங்கு பயன்தரும். அமைப்பவர்கள் விரும்பிக் கையாள்வது அவற்றைத்தான். கடாரம் கொண்டான் ராஜேந்திரன். அருள்மொழி என்பது ராஜராஜனின் இயற்பெயர். மதுரை கொண்டவர் முதலாம் பராந்தகன். சுங்கம் தவிர்த்தவர் முதலாம் குலோத்துங்கன். மாமல்லன் முதலாம் நரசிம்மவர்மன். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை ஒருவர் மாற்றி ஒருவர் சூடிக்கொண்டார்கள் என்பதும் சில சமயம் உதவும்.

"சித்திரகாரப்புலி (9)" என்று வெறும் ஒரு சொல்லே குறிப்பாக வரலாம். ஓவியர்களுள் புலி என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர் ஒரு மன்னர், முதலாம் மகேந்திரவர்மன். ம, கே, ந், தி, ர, வ, ர், ம, ன். சரியாக ஒன்பது. ஓவியர் என்று நினைத்துத் தேடினால் மாட்டிக்கொள்வோம்.

ஆங்கிலப் புதிருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

ஆங்கில நாளிதழ்களின் மறைகுறிப்புப் புதிர்களிலும் அரசரும் ஓவியரும் அடிக்கடி வருவார்கள். அங்கே அவர்கள் பெரும்பாலும் விடையாக வராமல் சுருக்கெழுத்தாக வருகிறார்கள். மன்னர் என்றாலும் அரசி என்றாலும் 'ஆர்' என்ற ஓர் எழுத்து. லத்தீனில் ரெக்ஸ், ரெஜினா இரண்டுக்கும் அதுவே முதலெழுத்து. எலிசபெத் ராணிக்கு 'ஈ ஆர்'. இது பிரிட்டனின் அஞ்சல் பெட்டிகளிலேயே பொறிக்கப்பட்ட அரச முத்திரை. சீட்டுக்கட்டு, சதுரங்கம் வழியாக மன்னருக்குக் 'கே'.

ஓவியர் என்று வந்தால் 'ஆர் ஏ'. மூன்றாம் ஜார்ஜின் ஆதரவில் 1768-இல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாடமியின் உறுப்பினர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்துகள் அவை. இந்த நான்கைந்து சுருக்கங்கள் தெரியாததால்தான் பலர் ஆங்கிலப் புதிரைப் புரியாத ஒன்றாக ஒதுக்குகிறார்கள். இவற்றில் சரித்திரக் கேள்வி ஏதும் இல்லை, பழகிய குறியீடு மட்டும்தான்.

ஒரு குறிப்பை முழுவதுமாக அவிழ்ப்போம்

"நடுவை இழந்த அவரை முடியாத சோகம் நிரப்ப, கலிங்கம் வென்ற மன்னர் (4)"

முதலில் உடைக்கும் இடம். கடைசியில் 'கலிங்கம் வென்ற மன்னர்' என்று தெளிவான பொருட்பகுதி. அதற்கு முன்னால் உள்ளது எல்லாம் கட்டுமானம். பலருக்கு விடை இப்போதே தெரிந்திருக்கும். ஆனால் அசோகன், அசோகர், அசோகா என்று மூன்று வடிவம் மனதில் வரும். எது? கட்டுமானம் சொல்லட்டும்.

'அவரை' என்பதில் உருபைக் கழற்றினால் அவர். அ, வ, ர். நடு எழுத்தை இழந்தால் அ, ர் மட்டும், இடையில் காலி இடம். அதை நிரப்புவது 'முடியாத சோகம்'. இங்கேதான் கை தேர்ந்த வேலை. முடியாத என்றால் ஓயாத என்று படிப்போம். கட்டுமானத்தில் அதற்கு 'முடிவு இல்லாத', அதாவது கடைசி எழுத்து இல்லாத என்று அர்த்தம். சோகம் தன் 'ம்'-ஐ இழந்து சோக ஆகிறது. அ, சோ, க, ர். அசோகர். நான்கு கட்டம். பெயரின் கடைசி எழுத்து வரை சந்தேகம் தீர்ந்துவிட்டது.

குறிப்பின் மேற்பொருளும் வெறும் பொறியாக நின்றுவிடவில்லை. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், அதை எண்ணி வருந்துகிறேன் என்று அசோகரே தன் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் சொல்கிறார். அந்த வருத்தத்தைச் சொல்லும் கல்வெட்டு கலிங்கத்து மண்ணில் மட்டும் வெட்டப்படவில்லை. கலிங்கத்தில் இருந்த தௌலியிலும் ஜௌகடாவிலும் அதற்குப் பதிலாக வேறு ஆணைகளைப் பொறித்தார்கள். வென்ற ஊர் மக்களிடம் சொல்ல முடியாத சோகம் அது.

கைப்பழக்கத்துக்கு நான்கு

"தின்னத் தித்திக்கும் டெல்லிப் பேரரசர் (3)"

"பிதாவா திரும்பியது? மாமல்லன் கைப்பற்றிய நகரம் (3)"

"ரசம் முடியாமல் சபைக்குள் வர, ஓவியருக்குச் சம்பளம் தரும் இடம் (4)"

"செல்வத்தை அடுத்துக் குன்று, மதுரையில் மகால் கட்டிய நாயக்கர் (4)"

முதலாவது இரட்டைப் பொருள்: பாதுஷா, இனிப்புக்கும் அதுவே பெயர், சக்கரவர்த்திக்கும் அதுவே பெயர். இரண்டாவதைத் திருப்பினால் வாதாபி. சாளுக்கியரின் அந்தத் தலைநகர் பல்லவர் கையில் விழுந்தது 642-இல். மூன்றாவதில் சபை என்றால் அவை. கடைசி எழுத்தை இழந்த ரசத்தை அதற்குள் ஊற்றினால் அரசவை. நான்காவதை நீங்களே எழுதிவிடுவீர்கள். ஒட்டுவதற்கு இரண்டே துண்டுகள், இரண்டும் தினமும் புழங்கும் சொற்கள்.